மாத்திரை மட்டும் போதுமா?

இரத்தப் புற்றுநோய் என்ற சொல் ஒரு தொழிலாளியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் என்ன நடக்கிறது? "பரம்பரை வியாதி" என்கிறது ஒரு வாய். "தொட்டால் ஒட்டிக்கொள்ளும்" என்கிறது இன்னொரு வாய். பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வராமலே நின்றுவிடுகிறார்கள். நோயாளியின் தம்ளரைத் தனியே எடுத்து வைக்கிறார்கள். அவனோ, விஷயம் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி ஆலையில் வாய் திறப்பதில்லை. நோய் தன் வேலையைத் தொடங்குமுன்பே தனிமை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது!

இந்த வீண் பேச்சுக்கு விஞ்ஞானம் தரும் பதில் என்ன? இரத்தப் புற்றுநோயில் பல வகைகள் உண்டு. வைத்தியமும் வகைக்கு வகை வேறு. அவற்றுள், டாக்டர்கள் 'சி.எம்.எல்.' என்று அழைக்கும் ஒரு வகையின் வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்வோம். பாட்டாளி மக்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

மனித உடலின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 1960ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், இந்த நோயாளிகளின் இரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். ஏன் குட்டை? 1973இல் சிகாகோ நகரில் ஜேனட் ரௌலி என்ற பெண் டாக்டர் விடை கண்டார். 22ஆம் எண் குரோமோசோமின் ஒரு துண்டு, 9ஆம் எண்ணுக்கு இடம் மாறியிருந்தது! இந்த இடமாற்றத்தால் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதும், அதிலிருந்து பிறக்கும் புரதம் "பெருகு, பெருகு" என்று அணுவை ஓயாமல் ஏவுவதும் பின்னர் தெரியவந்தன. விசை சிக்கிக்கொண்ட இயந்திரம் நிற்காமல் ஓடுவது போல, வெள்ளை அணுக்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

மரபணுக் கோளாறு என்றதும் பரம்பரைக் கோளாறு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு! இந்தக் கோளாறு தாயும் தந்தையும் கொடுத்ததன்று. பிறந்து வளர்ந்த பின், எலும்பு மஜ்ஜையில் ஓர் அணுவில் நேர்ந்த விபத்து. அது பிள்ளைகளுக்குப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் தொற்றுவதில்லை. இந்த உண்மையை ஊரறியச் சொல்வதே நோயாளிக்கு நாம் தரும் முதல் ஆறுதல்.

கோளாறு எங்கே என்று தெரிந்ததால், அதைக் குறிபார்த்துத் தாக்கும் மருந்தும் பிறந்தது. 'இமாடினிப்' என்ற அந்த மாத்திரையை பிரயன் ட்ரூக்கர் என்ற டாக்டர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். பலன் தெரிந்தது; ஆனால் மருந்து போதவில்லை. 1999இல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்துப் பெண் நோயாளி ஒருவர் 3,000க்கு மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி, நவார்ட்டிஸ் கம்பெனியின் தலைவருக்கு அனுப்பினார். உற்பத்தி பெருகியது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதியும் வழங்கியது. இந்த மருந்தைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களில் 100க்கு 83 பேர் 10 ஆண்டுகள் கழித்தும் உயிருடன் இருந்ததாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரு காலத்தில் மரண தண்டனையாக இருந்த நோய் அது!

மருந்து வந்தது, விலை? இந்தியாவில் அந்தக் கம்பெனியின் மருந்துக்கு அன்று மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் விற்றன. ஏகபோக உரிமை கேட்டு நவார்ட்டிஸ் 1998இல் மனுப்போட்டது நமது சென்னையிலுள்ள பேட்டன்ட் அலுவலகத்தில்தான். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் எதிர்த்து நின்றது. 2006இல் மனு தள்ளுபடியாயிற்று. பேட்டன்ட் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி தொடுத்த வழக்கை 2007இல் சென்னை ஐகோர்ட் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டும் பேட்டன்ட் தர மறுத்துவிட்டது.

"ஆராய்ச்சிக்குச் செலவில்லையா? ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கவில்லையா?" என்று கேட்பார்கள். மருந்தை உருவாக்கியது கம்பெனியின் நிபுணர்களே. இலவசமாகப் பெற்றுப் பிழைத்தவர்களும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால், மருந்துக்கு வழிகாட்டிய அறிவு பல்கலைக்கழகங்களில் பலர் பாடுபட்டுச் சேர்த்தது அல்லவா? மேலும், இலவசம் என்பது கொடுப்பவன் மனம் உள்ளவரை. நியாய விலை என்பது உரிமை. உயிரைத் தயவில் தொங்கவிடலாமா என்றுதான் கேட்கிறோம்!

விலை குறைந்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. இந்த மாத்திரையை நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 87 நோயாளிகளைக் கவனித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 100க்கு 90 வேளைக்கு மேல் சாப்பிட்டவர்களில், 6 ஆண்டுகளில் நோய் நன்கு அடங்கும் வாய்ப்பு 100க்கு 94. அதற்குக் குறைந்தவர்களில் வெறும் 28! அதே மாத்திரை, அதே நோய். வேறுபாடு சில வேளைகள் தவறியதுதான்.

ஏன் தவறுகிறது? உடம்பு தேறியதும் "இனி எதற்கு" என்ற எண்ணம், குமட்டல், சோர்வு, கூலி போகுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமை, யாருக்கும் தெரியக்கூடாதென்று மறைத்துச் சாப்பிடும் அவலம், மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லாத ஏக்கம். இவற்றுக்கு மாத்திரை ஏது? மனிதர்கள்தான் மருந்து! இந்நோயால் மகனை இழந்த ஒரு குடும்பம் 1997இல் அமெரிக்காவில் 'மாக்ஸ் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியது. அதன் துணையோடு இந்தியாவில் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் மாக்ஸ்' என்ற பெயரில் நோயாளிகளே கூடி, ஒருவருக்கொருவர் தைரியம் சொல்கிறார்கள். தனியொருவன் குரல் எடுபடாது, சங்கமாய்ச் சேர்ந்தால் எடுபடும் என்ற பாடம் நமக்குப் புதிதா?

தோழர்களே! உங்கள் ஆலையில், உங்கள் தெருவில் இந்த நோயோடு போராடுபவர் இருக்கலாம். அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்று வற்புறுத்துங்கள். ஆஸ்பத்திரி நாளில் உடன் செல்லுங்கள். அந்த நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டுமென்று சங்கத்தின் பேரால் நிர்வாகத்திடம் கேளுங்கள். வதந்தி பேசுபவரிடம் உண்மையை எடுத்துச் சொல்லுங்கள். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை; தோழமை இருந்தால் போதும்!