பட்டம் வேறு, பதவி வேறு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வெளிவந்ததும் தாராவியிலும் செம்பூரிலும் நம் தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை பொது நிர்வாகம் படித்தால் கலெக்டர் ஆகிவிடலாமா?" ஆசை நியாயமானது. நாம் கூட்டிப் பெருக்கிய நகரத்தின் அலுவலகத்தில் நம் பிள்ளை நாற்காலி போட்டு அமர வேண்டும் என்று எண்ணுவதில் என்ன தவறு? ஆனால், நீங்கள் வட்டிக்குக் கடன் வாங்கு முன் உள்ளதைச் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

பொது நிர்வாகம் தமிழருக்குப் புதிய பாடமல்ல. 1937-இலேயே சென்னைப் பல்கலைக் கழகம் இதில் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வரவு செலவுத் திட்டம் எப்படி உருவாகிறது, நகராட்சி எந்தச் சட்டத்தால் இயங்குகிறது, அதிகாரி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைக் கற்பிக்கும் கல்வி அது. எனினும் அது வேலைக்கான சீட்டு அல்ல. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வை எழுத எந்தப் பட்டமும் போதும். பொது நிர்வாகம் அதன் விருப்பப் பாடங்களில் ஒன்று, அவ்வளவே. 2023-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். எழுதியவர்கள் 5,92,141 பேர். தேர்வானவர்கள் 1,016 பேர்!

செலவைப் பார்ப்போம். இந்தத் தேர்வுக்குக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முதுகலை படிக்கலாம். குடும்பத்தை மூழ்கடிப்பது இவையல்ல. லட்சக்கணக்கில் கேட்கும் டில்லிப் பயிற்சி நிலையங்களும், சம்பாத்தியம் இல்லாமல் கழியும் ஐந்தாறு ஆண்டுகளுமே.

புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு கண்ணியும் உண்டு. 1950-க்குப் பின் தமிழகத்திலிருந்து இங்கு வந்த தாழ்த்தப்பட்ட குடும்பத்துக்கு மராட்டிய அரசின் இட ஒதுக்கீடு கிடைக்காது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இலும் 2018-இலும் கூறியது இதுதான். எல்லை தாண்டினால் சாதிக் கொடுமை தீர்ந்துவிடுகிறதா? இல்லை, உரிமை மட்டும் தீர்ந்துவிடுகிறது! ஆயினும் மத்திய அரசுப் பணிகளில், தந்தையின் தமிழகச் சான்றிதழ் வழியாக அந்த உரிமை நீடிக்கிறது. ஆகவே ஊருக்குப் போகும்போது பொங்கல் சீரோடு அந்தச் சான்றிதழையும் தேடி எடுத்து வாருங்கள்.

மாநில அரசுப் பணிக்கு மராட்டி மொழி கட்டாயம். நம் பிள்ளைகள் அதைப் பழுதறக் கற்கட்டும். மத்தியத் தேர்வின் முதல் கட்டம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. முதன்மைத் தேர்வையும் நேர்காணலையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். வயது வரம்புக்குக் காத்திராமல் ரயில்வே, வங்கி, மாநகராட்சித் தேர்வுகளையும் உடன் எழுதட்டும்.

பதவி கிடைக்காவிட்டால் படிப்பு வீணா? இல்லை. 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தையும், மராட்டியத்தின் 2015 பொதுச் சேவை உரிமைச் சட்டத்தையும் அறிந்த ஒரு பிள்ளை தெருவுக்கு ஒருவர் இருந்தால், குடிநீருக்கும் ரேஷன் அட்டைக்கும் நாம் தரகரைத் தேடி அலைய வேண்டியதில்லை. படிக்க வையுங்கள், தோழர்களே! கனவை நம்பி அல்ல, கணக்குப் பார்த்துப் படிக்க வையுங்கள்!