ஆட்காட்டியின் குற்றம் என்ன?

மாணவர் சிலரோடு வெலிமடைப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளியில் ஒருநாள் நடந்துகொண்டிருந்தேன். நெடிய மஞ்சட் கால்களையுடைய பறவையொன்று திடீரென மேலெழுந்து, எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது. “ஆட்காட்டி” என்றேன். ஒரு மாணவன் ஐயத்தோடு, “சேர், புத்தகப் படத்தில் இதற்குக் கொண்டை இருந்ததே!” என்றான்.

பிழை அவனுடையதன்று. படத்திலிருந்தது ஐரோப்பிய ஆட்காட்டி. அதன் பின்னந்தலையில் மெல்லிய கொண்டை மேல்நோக்கி வளைந்து நிற்கும். குளிர்காலத்தில் அது வட இந்தியாவுக்கும் வரும். ஊவாவில் நாம் காண்பதோ வேறினம். கருந்தலை, கருமார்பு, கண்ணின் முன்னே சிவந்த தசைமடல், கண்ணின் பின்னிருந்து கழுத்துவழி இறங்கும் வெண்பட்டை: இவையே அடையாளம். கொண்டை கிடையாது. தசைமடல் மஞ்சளாயின், அது தாழ்நில வறள்வெளிகளுக்குரிய மற்றோரினம். ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவை நூலைப் புரட்டினாலே இக்குழப்பம் தீரும். அயல்நாட்டுப் படத்தைக் காட்டி உள்ளூர்ப் பறவையைக் கற்பிக்கும் வழக்கத்தை ஆசிரியர்களாகிய நாம் இன்னும் கைவிடவில்லை.

பெயரிலும் ஓர் அநீதி உண்டு. ஆட்காட்டி என்றதும் காட்டிக்கொடுப்பவன் நினைவு வருகிறது. வேட்டைக்காரனுக்கு அது சரியாயிருக்கலாம். குறுந்தொகையின் 350ஆம் பாடலில் வரும் கணந்துள் இப்பறவையே என்பர் அறிஞர். அங்கே அது வழிப்போக்கரை எச்சரித்துத் திருப்பும் காவற்பறவை.

உண்மையில் அது காப்பது தன் முட்டைகளை. இதற்குக் கூடென்று ஒன்றில்லை. வெறுந்தரையில் சிறு பள்ளம். அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், மண்ணின் நிறத்திலேயே. திறந்த வெளியில்லையேல் அதற்கு வாழ்வில்லை. நாமோ பத்தனையைத் தரிசு என்கிறோம். 1899லேயே பியர்சன் என்னும் தாவரவியலார் இப்புல்வெளிகளைப் பற்றித் தனியே ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஆயினும் அடுத்த நூற்றாண்டில் அவற்றின் பல பகுதிகளில் பைன் மரங்களை நட்டனர். எஞ்சிய மானாப் புல்லுக்கு வறட்சிக் காலத்தில் தீ மூட்டுவோரும் உளர். மரம் நடுவது எங்கும் அறமே என்று மேடைகளில் நானும் முழங்கியவன்தான். இன்று அவ்வாறு பேச மாட்டேன். புல்வெளியில் நடும் மரம், அங்கே வாழ்வதை வெளியேற்றும்.

கத்தல் ஓயவில்லை. குனிந்து பார்த்தோம். கொண்டையைப் பற்றிக் கேட்ட மாணவனின் கால்மாட்டில், ஒரு சாண் தூரத்தில், நான்கு முட்டைகள் கிடந்தன. வந்த வழியே திரும்பினோம்.