சந்தைச் சீட்டில் இரண்டு வரி

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஊர் அரசூர். ஆண்டு 1987. உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையோர ஊர் அது. அங்கே எடுத்த வைரஸுக்கு ‘அரசூர் 87’ என்றே பெயர். அதைக் கொண்டுதான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செய்தது. ஊசி வந்துவிட்டது. ஆனால் அதே சாலையில் எந்த ஆடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கேட்டால், அரசுக் கோப்புகளில் இன்றும் பதில் கிடைக்காது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சாலைகளைப் பாருங்கள். தலைவாசல், சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை என்று ஒரே நெடுஞ்சாலை இழுத்துக்கொண்டு போய்ச் சென்னை–திருச்சி சாலையில் சேர்க்கிறது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து ஆடு கிழக்கே இறங்கினால் கச்சிராயபாளையம் வழியாக இந்தச் சாலைக்கு வரும். மேற்கே கருமந்துறைப் பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டக் கணக்கு. மலையில் மேய்ந்த ஆட்டுக்கு மாவட்ட எல்லை தெரியாது. அதைக் கண்காணிக்க வேண்டிய அலுவலகங்களுக்கோ எல்லைக்கு அப்பால் கண் தெரியாது.

வியாபாரம் நடக்கும் விதத்தையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மலையூரில் வீட்டு வாசலிலேயே வியாபாரி இரண்டு ஆடு பிடிப்பார், அடுத்த ஊரில் மூன்று. முதுகில் தன் அடையாளத்துக்குச் சாயப் புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒரே ‘சின்ன யானை’ வண்டியில் நெருக்கி ஏற்றுவார். விடியுமுன் சந்தை. அங்கே வேறு வேறு திசையிலிருந்து வந்தவை மூக்கோடு மூக்கு உரச நிற்கும். விலை படியாத ஆடு வீட்டுக்குத் திரும்புவதில்லை. அடுத்த கிழமை அடுத்த சந்தைக்குப் போகும். ஆட்டுக்கொல்லி தொற்றிய ஆடு நாலைந்து நாள் வெளியே ஒன்றும் காட்டாது. மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிச்சல் காண்பதற்குள் அது இரண்டு சந்தை பார்த்திருக்கும். கறிக்குப் போனது போகட்டும். வளர்ப்புக்கு வாங்கிப் போன குட்டிதான் புது ஊர்ப் பட்டிக்கு நோயைக் கொண்டுசேர்க்கிறது. ஆடியிலும் தீபாவளியிலும் பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களிலும் இந்த ஓட்டம் எவ்வளவு கூடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நோய் வந்தபின் நிர்வாகம் எடுக்கும் முதல் ஆயுதம், சந்தையை மூடுவது. கோமாரி பரவிய 2013இல் பார்த்தோம். சந்தை மூடினால் கடன்காரர் காத்திருக்க மாட்டார். ஆடுமாடு சாலையோரத்திலும் தோப்பிலும் கைமாறும். கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நடந்த விற்பனையைத் தெரியாத இடத்துக்குத் துரத்துவதைத் தடுப்பு நடவடிக்கை என்று நாம் ஏற்கவில்லை.

பிரிட்டனில் 2001 பிப்ரவரி 20 அன்று கோமாரி உறுதியாவதற்குள் ஹெக்ஸம், லாங்டவுன் சந்தைகள் வழியாகத் தொற்றிய செம்மறிகள் நாடெங்கும் போய்விட்டிருந்தன. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றுதான் அதை நிறுத்தினார்கள். நம்மிடமே நல்ல முன்னுதாரணம் உண்டு. வெக்கை நோயின் கடைசித் தாக்குதல் இந்தியாவில் 1995இல், வட ஆர்க்காட்டில். ஊர் ஊராகப் போய்த் தேடி, ஊசி போட்டு அதை ஒழித்தோம். கணினி இல்லாத காலத்துக் கால்நடை உதவியாளர்கள் செய்த வேலை அது.

இப்போது தேவைப்படுவது ஆடுமாடு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம். அதற்குப் பெரிய செலவு கிடையாது. சந்தை வாசலில் குத்தகைதாரர் தலைக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்கிச் சீட்டுக் கொடுக்கிறார். அந்தச் சீட்டில் இரண்டு வரி கூடட்டும்: எந்த ஊரிலிருந்து வந்தது, விற்றபின் எந்த ஊருக்குப் போகிறது. மாட்டின் காதில் 12 இலக்க வில்லை ஏற்கெனவே தொங்குகிறது, அதையும் குறித்துக்கொள்ளலாம். ஓராண்டுச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தாலே எந்தச் சந்தை முடிச்சு, எந்த ஊர்ப் பட்டிகளில் முதலில் ஊசி போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்பே மலையூர்களில் ஊசி போட்டால் பலன். நோய் வந்தபின் முகாம் நடத்துவது படம் எடுக்க மட்டுமே.

வியாபாரிகள் இதற்கு அஞ்சுவார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த கால்நடைச் சந்தை விதிகள் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஆவணம் கேட்டன; இறைச்சிக்காக மாடு விற்பதையே சந்தையில் தடுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சில நாட்களிலேயே தடை விதித்தது. அந்த வடு ஆறவில்லை. ஆகவே இந்தப் பதிவில் ஆளின் பெயரோ மதமோ சாதியோ வேண்டாம். ஊர்ப் பெயர் போதும். காவல் துறைக்கும் வரி வசூலுக்கும் இது போகாது என்று எழுத்துப்பூர்வமாக அரசு உறுதி தர வேண்டும். அந்த உறுதி இல்லாமல் தொடங்கினால் பொய் ஊர்ப்பெயர்தான் சீட்டில் ஏறும்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆளுக்கும் பஞ்சமில்லை, சின்னசேலத்தை ஒட்டி, தலைவாசல் கூட்டுரோட்டில் 2021இல் திறந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. சீட்டுகளைத் தொகுத்துப் படிக்கும் பொறுப்பை அதற்குக் கொடுக்கலாம். கள்ளக்குறிச்சி, சேலம் ஆட்சியர்கள் சேர்ந்து உட்கார்ந்து, வரும் ஆண்டின் சந்தைக் குத்தகை ஏல நிபந்தனைகளில் இந்த இரண்டு வரியைச் சேர்க்க வேண்டும். ஏலம் முடிந்துவிட்டால் இன்னும் ஓராண்டு போய்விடும்.