மூளைப் புற்றுநோய்க்குத் தாவர மருந்து: நம்பிக்கைக்கும் நிரூபணத்துக்கும் இடையே நிற்கும் தடை

புது தில்லி: மஞ்சளில் உள்ள குர்குமின், அஸ்வகந்தாவில் உள்ள விதாஃபெரின் போன்ற வேதிப்பொருள்கள் தீவிர மூளைப் புற்றுநோய் செல்களை அழிப்பதாக ஆய்வக முடிவுகள் தொடர்ந்து வெளியாகி வருகின்றன. எனினும், இவை நோயாளிகளின் ஆயுளை நீட்டிக்கும் என்பது பெரிய அளவிலான மருத்துவப் பரிசோதனைகளில் இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

மூளையிலேயே தோன்றும் புற்றுநோய்க் கட்டிகளில் பெரியவர்களை அதிகம் தாக்குவது கிளியோபிளாஸ்டோமா. உலக சுகாதார அமைப்பு இதை மிகத் தீவிரமான 4-ஆம் நிலைக் கட்டியாக வகைப்படுத்தியுள்ளது. இதன் செல்கள் அருகிலுள்ள மூளைத் திசுக்களுக்குள் ஊடுருவிப் பரவுவதால், அறுவை சிகிச்சையால் முழுமையாக அகற்ற இயலாது.

கடந்த 2005-ஆம் ஆண்டு வெளியான சர்வதேசப் பரிசோதனை முடிவின்படி, கதிர்வீச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 12.1 மாதங்கள். டெமோசோலோமைடு மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 14.6 மாதங்கள். இருபது ஆண்டுகளாகியும் அந்தச் சிகிச்சை முறையே அடிப்படையாகத் தொடர்கிறது. புதிய மருந்துக்கான தேடல் தாவரங்களை நோக்கியும் திரும்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

தாவரங்கள் தந்த மருந்துகள்

இந்தத் தேடல் ஆதாரமற்றதல்ல. ரத்தப் புற்றுநோய்க்கு அளிக்கப்படும் வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைத்தது. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டறியப்பட்ட பாக்லிடாக்சல் மருந்துக்கு 1992-ஆம் ஆண்டு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இரினோடெக்கான் மருந்துக்கு மூலமான கேம்ப்டோதெசின், மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்ஸ் மரத்திலும் உள்ளது.

ஆனால், பிற உறுப்புகளின் புற்றுநோய்களில் பலன் தந்த மருந்துகள்கூட மூளையை எட்டும்போது தடுமாறுகின்றன. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பிணைந்துள்ளன. நச்சுப்பொருள்களைத் தடுக்கும் இந்த ரத்த-மூளைத் தடுப்பு, மருந்துகளையும் தடுத்துவிடுகிறது. பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் போன்றவை உட்புகுந்தாலும், அங்குள்ள புரதங்கள் அவற்றை மீண்டும் ரத்தத்துக்கே வெளியேற்றுகின்றன.

குர்குமினின் நிலை இன்னும் சிக்கலானது. வாய்வழியே உட்கொள்ளும்போது அதில் மிகச் சிறிதளவே உடலில் சேர்கிறது. அதுவும் குடலிலும் கல்லீரலிலும் விரைவில் சிதைந்துவிடுகிறது. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் புற்றுநோய் செல்லை நேரடியாகத் தொடும் அளவு மருந்து, நோயாளியின் கட்டியைச் சென்றடைவதில்லை.

தடுப்பைத் திறக்கும் முயற்சி

எனவே, புதிய மூலிகையைக் கண்டறிவதற்கு இணையாக, மருந்தை மூளைக்குள் கொண்டு சேர்க்கும் வழிகளிலும் ஆய்வாளர்கள் கவனம் செலுத்துகின்றனர். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மண்டையோட்டில் பொருத்திய மீயொலிக் கருவி மூலம் இத்தடுப்பைத் தற்காலிகமாகத் திறந்து பாக்லிடாக்சலைச் செலுத்தினர். 2023-ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகளின்படி, மூளைத் திசுவில் மருந்தின் அளவு சுமார் நான்கு மடங்கு உயர்ந்தது. எனினும், 17 பேரிடம் மட்டுமே நடைபெற்ற அந்த முதல்கட்டப் பரிசோதனை, பாதுகாப்பை அறிவதற்கானதே தவிர ஆயுள் நீட்டிப்பை நிரூபிப்பதற்கானது அல்ல.

பிரேசிலில், சில தாவர எண்ணெய்களில் உள்ள பெரில்லைல் ஆல்கஹாலை மூக்கின் வழியே உள்ளிழுக்கச் செய்து பரிசோதித்துள்ளனர்.

கவனம் தேவை

ஆய்வகச் செய்தியை நம்பி மூலிகை மாத்திரைகளைத் தாமாகவே உட்கொள்வது தீங்காகவும் முடியலாம். மூளைக் கட்டியால் வலிப்பு ஏற்படுவோருக்கு அளிக்கப்படும் மருந்துகளில் ஃபெனிடாயினும் ஒன்று. ரத்தத்தில் அதன் அளவை மிளகிலுள்ள பைப்பரின் உயர்த்துவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. குர்குமின் மாத்திரைகள் பலவற்றில் பைப்பரின் சேர்க்கப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

புற்றுநோயைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. ஆனால், ஆய்வகச் செய்தி ஒன்று வாட்ஸ்ஆப் வழியே வீடுகளை அடையும்போது, அது விளம்பரத்தின் வேலையையே செய்துவிடுகிறது.

ஆகவே, இத்தகைய செய்திகளைக் காணும்போது, சோதனை நடந்தது கண்ணாடித் தட்டிலா, எலியிலா, மனிதரிடமா என்பதை முதலில் கவனிப்பது அவசியம். சில மாதங்களே கையில் உள்ள நோயாளிக்கு, நிரூபிக்கப்பட்ட சிகிச்சையைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் பேரிழப்பாகும்.