ஒரு கிருஷ்ண கீதமும் அதன் வரவேற்பும்

கர்நாடக சங்கீத வித்வான்களான பெற்றோருக்குப் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, ஹிந்துஸ்தானி இசையும் கஜலும் பயின்று தேர்ந்த ஹரிஹரனும், கிதார் வாசிப்பில் கைதேர்ந்தவராய் அதே நகரத்தில் விளம்பரப் பாட்டுகளுக்கு இசையமைத்து வந்த லெஸ்லி லூயிஸும் சேர்ந்து, ‘கலோனியல் கஸின்ஸ்’ என்னும் பெயரில் 1996ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு, எம்.டி.வி. நேயர்களின் விருதையும், அத்தொலைக்காட்சியின் ‘அன்பிளக்ட்’ மேடையில் முதன்முதலாக ஏறிய இந்தியர்கள் என்ற பெருமையையும் அவ்விருவருக்கும் தேடித் தந்தது. அந்தப் புகழ் வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், அத்தொகுப்பைப் பற்றி ஆற அமர எழுதப்பட்ட ஒரு விமரிசனம் தமிழில் எம் கண்ணில் படவில்லை. ஒரு சிறுகதைத் தொகுதிக்கு நாலு மதிப்புரை எழுதும் நம் சிற்றிதழ்கள், லட்சக்கணக்கான செவிகளில் புகுந்த ஓர் இசைத்தொகுப்பை ஏறெடுத்தும் பார்க்காதிருப்பது முறையன்று என்னும் எண்ணமே இத்தலையங்கத்துக்குக் காரணம்.

அந்தக் காலத்தின் நிலையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்திய வீடுகளுக்குள் புகுந்து நாலைந்து வருஷமே ஆகியிருந்தது. பாபா ஸேகலின் பாட்டுகளும், 1995இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’வும், சினிமாவின் தயவின்றியும் ஒரு பாட்டு ஜனங்களிடம் சென்று சேரக்கூடும் என்பதை வடக்கே நிரூபித்திருந்தன. தமிழ்நாட்டிலோ நிலைமை வேறு. இளையராஜாவே 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற தொகுப்பையும், 1988இல் ‘நத்திங் பட் விண்ட்’ என்ற தொகுப்பையும் வெளியிட்டபோது, அவருடைய சினிமாப் பாட்டுக்குக் கூடிய கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே அவற்றின் பக்கம் திரும்பிற்று. எங்கள் அரியலூர்ச் சீமையில் அந்நாளில் ஒலிப்பதிவுக் கடைகள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் வெறும் கேசட்டில் பதிந்து தருவார்கள். பன்னிரண்டு சினிமாப் பாட்டு பதிந்த பின் நாடாவில் ஐந்து நிமிஷம் மிச்சமிருந்தால், கடைக்காரர் தம் விருப்பப்படி ஒரு பாட்டை இட்டு நிரப்புவார். அப்படி மிச்ச இடத்தில் ஏறிவந்ததுதான் இத்தொகுப்பின் கிருஷ்ண கீதம். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளிலும் அது ஒலித்தது. பாடியவர் யார், பாஷை எது என்று கேட்காமலே பலர் அதற்குத் தலையசைத்தார்கள்.

‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் அந்தக் கன்னடக் கீர்த்தனம், விஜயநகர சாம்ராஜ்யத்தின் காலத்தில் வாழ்ந்த மாத்வ ஆசாரியரான வியாசராயர் பாடியது. யமுனா கல்யாணி ராகத்தில் வழங்குவது. கலோனியல் கஸின்ஸ் அதைக் கையாண்ட விதத்தை ஊன்றிக் கேட்க வேண்டும். கிதாரின் சுரக்கூட்டுகள் கீழே நிதானமாக நகர, ஹரிஹரன் பல்லவியை எடுக்கிறார். மேனாட்டு இசைக்கூட்டு அடியில் ஓடுகிறதே என்பதற்காக அவர் ஒரு கமகத்தையும் தட்டையாக்கிவிடவில்லை. குழந்தையை அழைக்கும் தாயின் குழைவு கீர்த்தனத்தில் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறது. பிறகு லூயிஸ் ஆங்கிலத்தில், சகோதரர்கள் தமக்குள் அடித்துக்கொள்ளும் இருண்ட உலகத்தைச் சொல்லி, எந்தப் பெயரிலாவது, எந்த மதத்தின் உருவிலாவது திரும்பி வா என்று கடவுளை வேண்டுகிறார். அந்த வேண்டுகோள் முடிகிற இடத்தில் பல்லவி மறுபடியும் வரும்போது, முதலில் தாய் அழைத்த அழைப்பாக இருந்தது, இப்போது தவிக்கிற ஒரு ஜனசமூகத்தின் அழைப்பாக மாறிவிடுகிறது. ஒரே வரி, ஒரே ராகம். பொருள் மட்டும் விரிந்துவிட்டது. இது சாமானியமான காரியம் அன்று.

இதற்குக் கிடைத்த வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. இளைஞர்களிற் பலர், வியாசராயரின் பெயரையே அறியாதவர்களாய், கீர்த்தனத்தைக் கலோனியல் கஸின்ஸின் சொந்தப் பாட்டென்றே கொண்டாடினார்கள். சங்கீத சம்பிரதாயத்தில் பற்றுடையவர்களில் ஒரு சாரார், பக்தி சாஹித்யத்தை கிதாருக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது அபசாரம் என்று முகம் சுளித்தார்கள். பின்னவர்களின் மனவருத்தத்தை நாம் லேசாக எண்ணவில்லை. கீர்த்தனம் அவர்களுக்குப் பூஜையறைப் பொருள். ஆயினும் அக்கீர்த்தனம் நடந்துவந்த வழியைப் பார்த்தால் அந்த வருத்தத்துக்கு வலுவில்லை என்றே சொல்லவேண்டும். கன்னட தேசத்து மடத்தில் பிறந்த பாட்டு, தமிழ்நாட்டில் பாலசரஸ்வதி அம்மையாரின் அபிநயத்தால் உயிர்பெற்று, சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ என்னும் படத்தில் கடற்கரைக் காற்றில் அவர் ஆடியபோது உலகத்தின் பார்வைக்கும் சென்றது. யமுனா கல்யாணியோ, வடநாட்டு யமனோடு உறவுடைய ராகம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு ஸம்ஸ்கிருத சாஹித்யம் புனைந்தார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் பிடில் பழகி, அந்த அந்நிய வாத்தியத்தை நம் கச்சேரி மேடைக்கே உரிமையாக்கிவிட்டார். பிடிலை ஏற்ற செவி கிதாரை மறுப்பதற்குக் காரணம் கூற வேண்டும்.

இதைச் சொல்லும் உரிமை எங்கள் பக்கத்தாருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. உடையார்பாளையம் சமஸ்தானத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரின் சரித்திரத்தை, அவருக்கு உறவுமுறை உடையவரும், அவரிடம் சங்கீதம் கற்றவரின் புதல்வருமான மகாமகோபாத்தியாய சாமிநாதையர் தனி நூலாகவே எழுதி வைத்திருக்கிறார். தஞ்சை அரண்மனைக்குப் பொப்பிலி கேசவையர் என்ற ஆந்திர வித்வான் வந்து கன மார்க்கம் பாடிக் காட்டியபோது, அந்தப் பாணி உடலை வருத்துவது, நமக்கு ஆகாது என்று பிறர் பின்வாங்க, நான் கற்கிறேன் என்று முன்வந்தவர் கிருஷ்ணையர். அன்னிய தேசத்து மார்க்கத்தைக் கடுமையாய்ச் சாதகம் செய்து வசப்படுத்திய அவர்தாம் பிறகு தமிழில் அருமையான பதங்களைப் பாடினார். வந்த பாணி அவருடைய தமிழை அழித்துவிடவில்லை.

ஆனால் புகழ்ந்தவர், இகழ்ந்தவர் ஆகிய இரு திறத்தாரும் ஒன்றைக் கவனிக்கவில்லை என்பதுதான் எமது முக்கியமான குறை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் நகரத்தில் மதக்கலகம் நடந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். மார்ச்சு மாதத்தில் ஒரே நாளில் வரிசையாகக் குண்டுகள் வெடித்தன. அந்த நகரத்தில் வாழ்ந்த ஒரு ஹிந்துவும் ஒரு கிறிஸ்தவரும் மூன்று வருஷங்களுக்குப் பிறகு ஒன்றாய் அமர்ந்து, எந்தப் பெயரிலாவது வா என்று கடவுளைக் கூப்பிட்டால், அதன் பின்னணி என்னவென்று யோசிக்க விமரிசகர் எவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். பாடியவர்கள் அப்படிக் கருதினார்களா என்பது வேறு விஷயம். பாட்டைக் கேட்பவனுக்கு அந்த அர்த்தம் அதிலேயே கிடைக்கிறது. விருதைப் பற்றிப் பேசினோம், அபசாரத்தைப் பற்றிப் பேசினோம், பாட்டு என்ன கேட்கிறது என்பதைப் பேசாமல் விட்டோம்.

தொகுப்பு முழுவதும் இதே உயரத்தில் நிற்கிறது என்று நாம் வாதிக்கமாட்டோம். ‘ஸ நி த ப’ என்ற பாட்டில் சுரங்களே சொற்களாகித் துள்ளும் விளையாட்டு இன்பமாயிருக்கிறது. ‘இந்தியன் ரெயின்’ மழையைச் சொல்கிறதேயொழிய நம்மை நனைப்பதில்லை. சில பாட்டுகளில் இரண்டு இசைகளும் ஒரே ரயில் பெட்டியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் அறிமுகமில்லாத பிரயாணிகளைப் போல ஒன்றோடொன்று பேசாமலே ஊர் போய்ச் சேர்கின்றன. பின்னால் வந்தவர்கள் இந்தக் குறையையே சூத்திரமாக எடுத்துக்கொண்டு, ஒரு கீர்த்தனத்தின் பல்லவியைப் பிய்த்தெடுத்துக் கீழே தாளத்தைப் போட்டு ‘ப்யூஷன்’ என்று விற்றார்கள். 1998, 2001, 2012 ஆகிய வருஷங்களில் அதே இருவர் வெளியிட்ட தொகுப்புகளும், ‘மோதி விளையாடு’, ‘சிக்கு புக்கு’ என்ற தமிழ்ப் படங்களுக்கு அவர்கள் அமைத்த இசையும் அந்த ஒரு கீதத்தை எட்டவில்லை.

அடுத்த இதழ் முதல் சினிமா சாராத இசைத்தொகுப்புகளுக்கு மதிப்புரை வெளியிட இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். எழுத விரும்பும் அன்பர்கள், விருதுகளின் பட்டியலையும் விற்பனைக் கணக்கையும் விட்டு, எந்த ராகம் எந்த இடத்தில் எப்படித் திரும்புகிறது, சொல் எங்கே இசைக்குத் துணையாகிறது, எங்கே இடறுகிறது என்பதைப் பாட்டைப் பலமுறை கேட்டு எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். சாஸ்திர ஞானம் உள்ளவர்தாம் எழுத வேண்டும் என்பதில்லை. அந்நாளில் லாரியில் அக்கீதத்தைக் கேட்டவர்கள் இன்னும் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள்; அவர்களுடைய அபிப்பிராயத்தையும் கேட்டு வெளியிட எண்ணியிருக்கிறோம்.