மோட்டார் ஓடுகிறதா?

மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரின் ஸ்விட்சருகே சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, மோட்டார் ஓடுகிறதென்று நிச்சயித்துக்கொண்டு தம் காரியத்தைப் பார்க்கப் போகிறவர்கள், அந்த விளக்குக்கு அத்தனை ஞானம் கிடையாதென்பதைக் குழாயில் காற்று வரும்போதுதான் அறிகிறார்கள். ஸ்விட்சு வரைக்கும் மின்னழுத்தம் வந்து நிற்கிறது என்பதற்கு மேல் அது எதற்கும் சாட்சி சொல்லாது. அதற்கப்பால் ஒயர் அறுந்திருந்தாலும், மோட்டாரின் சுருள் கருகியிருந்தாலும், அதே பிரகாசத்துடன் எரிந்துகொண்டுதான் இருக்கும். வேலை நடக்கிறதா என்று அறிய விரும்புகிறவன், ஒயரில் பாயும் மின்னோட்டத்தையே அல்லவா விசாரிக்க வேண்டும்?

ஒயரை வெட்டாமலும் செம்பைத் தீண்டாமலும் அந்த விசாரணையை நடத்தலாம் என்பதுதான் இவ்விஷயத்தின் அழகு. மின்னோட்டமுள்ள கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் எழுவதை ஓர்ஸ்டெட் என்னும் விஞ்ஞானி 1820-ல் கோபன்ஹேகனில் கண்டார். 1831-ல் லண்டனில் பாரடே, இரும்பு வளையமொன்றில் இரு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலும் நிறுத்திய கணத்திலும் மாத்திரமே மற்றதனோடு தொடர்புற்ற காந்த ஊசி துள்ளியதைக் கண்டு, மாறுகிற காந்தமே மின்சாரத்தைப் பிறப்பிக்கும் என்று தெளிந்தார். நம் வீட்டு மின்சாரமோ, விநாடிக்கு 50 சுழற்சியாக, நூறு தடவை தானே திசை மாறுவதால், அவர் கையால் இணைத்தும் துண்டித்தும் செய்ததை ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது.

ஆகையால் நமக்கு வேண்டியது, ஒயரின் மேல் கவ்விக்கொள்ளும், சுருள் சுற்றிய வளையமான சி.டி. என்கிற கரண்ட் டிரான்ஸ்பார்மர். 2000 சுற்றுள்ள ரகமானால், ஒரு குதிரைத்திறன் மோட்டார் இழுக்கும் சுமார் 5 ஆம்பியர், அதன் சுருளில் 2.5 மில்லி ஆம்பியராகச் சுருங்கி வரும். இதை 33 ஓம் ரெசிஸ்டரில் பாய்ச்சும் வழக்கம், நூறு ஆம்பியர் வரை அளக்க விரும்புகிறவர்களுடையது. நம் மோட்டாருக்கு அது 0.08 வோல்ட்தான் தரும், 0.7 வோல்ட் கேட்கும் சிலிக்கன் டயோடு அதற்குக் கண்ணே திறக்காது. 1000 ஓம் போட்டால் இரண்டரை வோல்ட் கிடைக்கும். டயோடு கொண்டு அதை ஒருதிசைப்படுத்தி, சிறிய கெபாசிட்டரில் தேக்கி, பத்தாயிரம் ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரின் பேசுக்குக் கொடுத்தால், 5 வோல்ட் அடாப்டரில் தொங்கும் எல்.ஈ.டி. ஒளிரும். சி.டி.யைக் கவ்வுவதற்கு முன்பே ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிட வேண்டும். சுருளின் முனைகள் திறந்து கிடக்க, உள்ளே மின்னோட்டம் பாய்ந்தால், அம்முனைகளில் அபாயகரமான அழுத்தம் எழக்கூடும்.

மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்வினாலோ ஒன்றுமே தெரியாது. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும், வரவும் செலவும் சரிக்கட்டிய கணக்குப் புத்தகம்போல், ஒன்றையொன்று அழித்துவிடும். அந்தக் கணக்கு உதைக்கும்போது, அதாவது போனதில் கொஞ்சம் யாரோ ஒருவரின் தேகத்தின் வழியே பூமிக்குப் போய்விடும்போது, மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பானும் இதே வளையத்தைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. நம் காரியத்துக்கு ஃபேஸ் ஒயர் தனியாகக் கிடைக்கும் இடம் ஸ்விட்சுப் பெட்டிதான்; மெயினை அணைத்துவிட்டு, பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு, திறக்க வேண்டிய பெட்டி அது.

கைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஆடம்பரங்களில் எனக்குச் சிரத்தை இல்லை. ஆனால், கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வெறுமே சுழலும்போது பாரம் குறைவதால் மின்னோட்டமும் இறங்கும் என்பதை நினைத்தால், ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லும் நம் விளக்கு அந்த இறக்கத்தை உணராதே என்ற குறை தோன்றுகிறது. டிரான்சிஸ்டருக்குப் பதில், இரண்டு அழுத்தங்களை ஒப்பிட எல்எம்358 ஐ.சி. ஒன்றை வைத்து, நீர் வருகையில் கிடைக்கும் வோல்ட்டுக்குச் சற்றே கீழே பிரிசெட் என்கிற திருகு ரெசிஸ்டரைத் திருப்பிவைத்தால் அக்குறையும் தீரும். புறப்படும் கணத்தில் மோட்டார் பன்மடங்கு இழுக்குமாதலால், 4.7 வோல்ட் ஜீனர் டயோடு ஒன்றைக் கெபாசிட்டருக்குக் குறுக்கே காவல் வைப்பது அவசியம்.