கரும்புகை பலமாகாது

பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் மரவள்ளிப் பாரத்தோடு மேடு ஏறத் திணறும் டிராக்டருக்கு, டீசல் பம்பின் முத்திரையை உடைத்து டீசலைக் கூட்டிவிடச் சொல்கிறோம். இது சரியல்ல. இழுவை கொஞ்சம் கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் டர்போ இல்லாத என்ஜின் உறிஞ்சும் காற்று கூடவில்லையே! காற்றுப் போதாமல் சரிவர எரியாத டீசல்தான் கரும்புகை. அதைக் கண்டு 'வண்டிக்கு என்ன பலம்' என்று மகிழ்வோரும் உண்டு.

மிஞ்சிய டீசல் லைனர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி என்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. ரிங்கும் பேரிங்கும் தேய்கின்றன. பிஸ்டனோ அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். கலவை அதற்கு முன்பே இளகும். 35 குதிரைத்திறனுக்குச் செய்த பிஸ்டன் 45 குதிரைத்திறனுக்கு எத்தனை நாள் தாங்கும்? கடனில் வாங்கிய வண்டி உழவு நேரத்தில் பட்டறையில் கிடந்தாலும் தவணை நிற்காது.

முதலில் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, நாசிலைச் சோதியுங்கள். இழந்த பலம் பல வண்டிகளுக்கு அதிலேயே திரும்பும். பிறகும் ஏறாவிட்டால் பாரத்தைக் குறைத்து ஒரு நடை கூடுதலாக ஓட்டலாம்.

ஏற்கெனவே பம்பைக் கூட்டியவர்கள் ஆயில் அளவுக் குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடையடித்து அளவும் ஏறியிருந்தால், அன்றே ஆயிலை மாற்றி, பம்பைப் பழைய அளவுக்குக் குறைத்து முத்திரை வைக்கச் சொல்லுங்கள்.